ஆப்பு

பன்னிரண்டு மீட்டர்தான்.
குன்று என்று சொன்னால் கமரிஞாஸ்காரர்கள் சிரிப்பார்கள்.
'பல்' என்பதுதான் அவர்கள் வைத்த பெயர்:
அட்லாண்டிக்கின் ஈறில் ஆடாத ஒற்றைப் பல்.
பேருந்து திரும்பும் இடத்தில் இறங்கி
மஞ்சள் பூத்த முட்புதர் கால்சட்டையைக் கிழிக்க
அரை மணி நடை.

ஓதம் வற்றினால் நான்கு மணி நேரம்
பாறையின் பாதம் வெளியே இருக்கும்.
அதற்குள் ஏறி, இறங்கி,
சூரைமீன் வைத்த எம்பனாடாவையும் தின்று
முடித்துவிட வேண்டும்.

கருங்கல் என்று பேர்தான். நிறம் வெந்த இறால்.
தேங்காய்த் துருவி தோற்கும்:
இரண்டாம் முறை ஏறும்போது
கைரேகை பாதிதான் மிச்சம்.
திங்கட்கிழமை அலுவலக வாசல் இயந்திரம்
என்னை யாரென்று கேட்கும்.

மலைக்கும் கடலுக்கும் வரப்பே இல்லாத இடம்.
குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல்
என்று பிரித்தவர்கள் இங்கே வந்திருந்தால்
உஷியாவை எதில் சேர்ப்பதென்று திணறியிருப்பார்கள்.
கயிற்றின் மறுமுனையில் நிற்கிறாள்,
அண்ணாந்து, வாயில் சூயிங்கம்,
யாருக்காகவும் இரங்காமல்.

வெடிப்பின் எட்டாவது மீட்டரில் ஓர் ஆப்பு.
கட்டைவிரல் அளவு அலுமினியம், கம்பிக் காது.
பதினோரு வருடம் முன்பு மார்திஞோ செருகியது.
பிறகு எடுக்க வரவில்லை.
ஒரு மணி நேரம் தொங்கியபடி இழுத்தான், தட்டினான்,
மாதாவையும் வம்புக்கு இழுத்தான்,
ஓதம் ஏறியதும் விட்டுவிட்டு வந்தான்.
உஷியாவை விட்டுப் போனது
அதற்கு மூன்று வருடம் கழித்து,
ஜெனீவாவில் ஓட்டல் வேலைக்கு.

வந்தவர்கள் எல்லாம் அதில்தான் கயிறு கோத்தார்கள்.
"கண்ணை மூடிக்கொண்டு மாட்டு," என்பாள் உஷியா,
"அவன் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்."

கீழே, நுரைக்கு நடுவில், ரெமெதியோஸ்.
இடுப்பில் கயிறு, கையில் சுரண்டி.
பல்லி விரல் மாதிரி ஒட்டிக்கிடக்கும் பெர்செபெஸைப்
பெயர்த்துப் பெயர்த்துப் பையில் போடுகிறாள்.
கிலோ எண்பது யூரோ, கிறிஸ்துமஸ் வந்தால் இன்னும் மேலே.
அலை பின்வாங்கிய மூச்சில் என்னைக் கேட்டாள்:
"அங்கே என்ன கிடைக்கும்?"
"ஒன்றுமில்லை."
"அப்படியானால் ஜாக்கிரதை," என்றாள்.
அடுத்த அலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

முஷ்டியைத் திருகி வெடிப்புக்குள் பூட்டினேன்.
கால் பெருவிரல் ஒரு படிகத்தின்மேல்,
அரிசி அளவு;
போதும் என்று பாதத்திடம் கெஞ்சினேன்.
ஐந்தாவது மீட்டரில் என் ஆப்பு ஒன்று.
எட்டில், காரபினரைப் பல்லில் கடித்தபடி,
அந்தக் கம்பிக் காதைத் தொட்டேன்.
தொட்டேன், அவ்வளவுதான்.

வந்துவிட்டது.

பால்பல் விழுவது மாதிரி. சத்தமே இல்லை.
ஆப்பசைத்த குரங்கின் முகம்
அப்போது எனக்கு இருந்திருக்கும்.
குழியில் வெள்ளையாய் உப்பு; ஒரு சிலந்தி.
பதினோரு வருடம் இத்தனை பேரை
உப்புதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
பிடிக்கக்கூட இல்லை. யாரும் விழவில்லை,
அதனால் நம்பியிருக்கிறோம்.

மீதி நான்கு மீட்டரை எப்படி ஏறினேன் என்று
முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

உச்சியில் புல், முயல் புழுக்கை, காற்று.
கயிற்றை இழுக்க இழுக்க உஷியா வந்தாள்.
எட்டாவது மீட்டரில் நின்றாள்.
வெற்று வெடிப்பை அவள் விரல் துழாவுவதைக்
கயிறு எனக்குச் சொன்னது.
நான் குரல் கொடுக்கவில்லை.

வந்து உட்கார்ந்ததும் கையில் வைத்தேன்.
எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பிடித்தாள்.
"இவ்வளவு லேசா?"
கடலில் எறிவாள் என்று நினைத்தேன்.
துருவை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்,
சாவிக்கொத்தில் மாட்டிப் பார்த்தாள்,
வேண்டாமென்று கழற்றிப் பையின் அடியில்
ஆரஞ்சுத் தோலோடு போட்டாள்.

கீழே முடிச்சுப் போட்டு முடித்த பிராய்ஸ் கத்தினான்:
"மார்திஞோவோட ஆப்பு இருக்குல்ல?"

"வெடிப்பு இருக்கு," என்றாள் உஷியா.
"உன்னோடதைக் கொண்டு வா. சீக்கிரம்."

ரெமெதியோஸ் பையைத் தோளில் போட்டுக்
கரையேறிக்கொண்டிருந்தாள்.
பல்லின் பாதம் நனைய ஆரம்பித்திருந்தது.